கிலோமீற்றரா வாரண்டியா? ஸ்பைடர் வாங்கப்போகும் தம்பிக்கு

தம்பி, கனடாவில் ஸ்காபுரோவுக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை, முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு இரண்டு சில்லு வண்டியைக் காலூன்றிப் பிடிக்க முடியவில்லை, ஆனாலும் ஓடாமல் இருக்க முடியவில்லை, அதனால் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று மூன்று சில்லுள்ள மோட்டார்சைக்கிளான கான்-ஆம் ஸ்பைடர், பாவித்தது ஒன்று தேடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். ஒன்று 2015 ஆர்.ரி மொடல், 22,000 கிலோமீற்றர்தான் ஓடியது, சொந்தக்காரர் நேரே விற்கிறார், வாரண்டி இல்லை. மற்றது 2018 எஃப்3 மொடல், 58,000 ஓடியது, ஆனால் டீலர் மூன்று வருட வாரண்டியோடு தருகிறாராம். எதை எடுக்கலாம் என்று கேட்டீர்கள். லைசென்ஸ், காப்புறுதி, சேர்ந்து ஓட ஆட்கள் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், அவற்றுக்குப் பிறகு வருகிறேன். காசு கரைவது முதல் கேள்வியில்தான்.

22,000 என்ற இலக்கத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். இந்த நாட்டில் மோட்டார்சைக்கிள் ஓடுவது ஏப்ரலில் தொடங்கி ஒக்ரோபரோடு முடிந்துவிடும், மிச்ச மாதமெல்லாம் கராஜில் போர்வைக்குள் நிற்கும். இத்தனை வருஷத்தில் 22,000 என்றால் அந்த வண்டி ஓடியதைவிட நின்றதுதான் கூட. நிற்கும் வண்டியில் பற்றரி செத்துப்போகும், பிரேக் ஒயில் ஈரத்தை இழுக்கும், தாங்கியில் விட்ட பெற்றோல் பழசாகிப் பிசின் பிடிக்கும், எயர் ஃபில்ரருக்குள் எலி கூடு கட்டும். ரயர் தேயாமலே இறுகி வெடிப்பு விழும். முதலில் அதைத்தான் பாருங்கள். ரயரின் பக்கத்தில் டி.ஓ.ரி என்று தொடங்கும் எழுத்துவரிசையின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும். 4014 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் நாற்பதாவது கிழமை செய்த ரயர். முன் இரண்டு ரயரிலும் அப்படிக் கிடந்தால், ரயரின் பள்ளம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் மூன்றையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். முன் ரயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சில்லுகளின் நேர் சரியில்லை என்று அர்த்தம்.

58,000 என்ற இலக்கத்துக்கும் பயப்பட வேண்டாம். இரண்டு வண்டியிலும் இருப்பது ரொட்டாக்ஸ் கொம்பனியின் ஒரே 1330 சி.சி மூன்று சிலிண்டர் எஞ்சின். 2014 ஆர்.ரியில்தான் முதலில் வந்தது, ஒழுங்காகப் பார்த்தால் 58,000 அதற்கு ஒரு பெரிய ஓட்டமே இல்லை. ஒயில் மாற்றுவது 15,000 கிலோமீற்றருக்கு அல்லது வருஷத்துக்கு ஒருமுறை, எது முந்தி வருகிறதோ அது. ஆகவே பில்லைக் கேளுங்கள். கிலோமீற்றர் கணக்கிலேயே மூன்று பில் இருக்க வேண்டும், வருஷக் கணக்கில் அதைவிடக் கூட. பில் ஒன்றும் இல்லை, எல்லாம் நானே செய்தேன் என்றால், ஒயிலும் ஃபில்ரரும் வாங்கிய துண்டாவது இருக்க வேண்டும். என்னிடம் என் வண்டியின் ஒவ்வொரு துண்டும் கோப்பில் இருக்கிறது, போன கோடைகாலம் வாங்கிய பிரேக் பாட் வரைக்கும். பெல்ற் சுற்றி ஓடும் முன்பக்கப் புல்லிக்குக் கீழே ரோர்ச் அடித்துப் பாருங்கள், செங்கல் தூள் மாதிரிச் சிவப்பாக ஏதாவது படிந்திருந்தால் உள்ளே பல் அரைபடுகிறது, விட்டுவிட்டு வாருங்கள். அப்புறம், அமெரிக்காவிலிருந்து வந்த வண்டியா, மீற்றரில் காட்டுவது மைலா கிலோமீற்றரா என்றும் பாருங்கள். 30,000 மைல் என்றால் 48,000 கிலோமீற்றர்.

இனி வாரண்டி. புது ஸ்பைடருக்குத் தயாரித்த பி.ஆர்.பி கொடுப்பது இரண்டு வருஷம். அது உங்கள் இரண்டு வண்டிக்கும் எப்பவோ முடிந்துவிட்டது. அப்படியானால் டீலர் தருவது எங்கேயோ உள்ள இன்னொரு கொம்பனியின் ஒப்பந்தமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அந்தக் கடதாசியை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க விடுகிறார்களா என்று கேளுங்கள், விடவில்லையென்றால் அதுவே பதில். ஸ்பைடரில் பெரிய செலவு வைப்பது மின்சாரச் சாமான்கள்: ஸ்ரியரிங்குக்கு உதவும் மோட்டார், வண்டி கவிழாமல் பார்க்கும் கொம்பியூட்டர், கிளச் பிடிக்காமல் கியர் மாற்றும் எஸ்.ஈ.6 கியர்பெட்டி. இவை எழுத்தில் இருக்கின்றனவா? ஒரு தடவைக்கு எவ்வளவு வரை தருவார்கள்? எந்தக் கராஜில் திருத்தலாம்? முந்தின சொந்தக்காரர் சேர்விஸ் செய்த அத்தாட்சி இல்லையென்று தட்டிக்கழிக்க இடமிருக்கிறதா? ரயர், பெல்ற், பிரேக் பாட் போன்ற தேய்கிற சாமான் பொதுவாக வாரண்டியில் வராது. காசு கட்டி நீட்டிய பி.ஆர்.பி வாரண்டியே மிச்சம் இருக்கிறது என்று சொன்னால் சந்தோஷம், ஆனால் அது தானாக உங்கள் பெயருக்கு வராது, மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, காசு கொடுக்கும் அன்றே செய்து முடியுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் 1991 மார்கழியில் வந்தவன். இரவு வேலை, விடிய நாலு மணிக்கு பஸ் இல்லை, கார் வேண்டும். நம்முடைய ஊர்க்காரர் ஒருவர் தன் பழைய காரைத் தந்தார். "ஒரு வருஷத்துக்கு நான் பொறுப்பு தம்பி" என்று தோளில் கைபோட்டுச் சொன்னார். தை மாதம் உப்புத் தண்ணீர் காலணிக்குள் வருகிறதே என்று கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால், கறள் தின்று தளத்தில் கையகல ஓட்டை, அதன்மேல் மட்டைப்பெட்டித் துண்டு. அதன்பிறகு அவர் தொலைபேசி எடுக்கவில்லை. இன்றைக்கும் கோயில் திருவிழாவில் கண்டால் சிரித்துக்கொண்டுதான் போகிறார். நம்மட ஆள் என்பதற்காக மட்டும் வாகனம் வாங்கும் பழக்கத்தை நம் சனம் முப்பது வருஷமாக விடவில்லை, அதில் கொமிஷன் அடிப்பவர்களும் குறையவில்லை. எனக்குத் தளத்துக்குத் தகடு ஒட்டித் தந்தவர் கயானாவில் பிறந்த ஒரு வயதான மெக்கானிக். காசைப் பிறகு தா என்று சொல்லி, சனிக்கிழமைகளில் தன் கராஜில் நிற்கவும் விட்டார். ஒயில் வடிப்பதும், ஜாக்கில் தூக்கிச் சில்லை மேலும் கீழும் ஆட்டி மூட்டு தளர்வா என்று பார்ப்பதும் அவர் காட்டியது. ஒப்பந்தக் கடதாசிகளை அகராதியோடு இருந்து வாசிக்கப் பழகியதும் அந்த வருஷம்தான்.

சரி, என் முடிவு: பில்கள் இருந்தால் 58,000 ஓடிய எஃப்3. வாரண்டி வேண்டாம், அதற்கான காசைக் கழித்துத் தாருங்கள் என்று கேளுங்கள், எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதிலேயே அதன் பெறுமதி தெரியும். வாகன டீலர்களைப் பதியும் அமைப்பான ஒம்விக்கில் (OMVIC) டீலர் பதிந்தவரா பாருங்கள். நம் ஒன்ராறியோ மாகாணத்தில் வாகனம் வாங்கிக் கையெழுத்து வைத்தபின் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் உரிமை கிடையாது. ஆர்.ரிதான் பிடித்திருக்கிறதென்றால், விற்பவர் சேர்விஸ் ஒன்ராறியோ என்ற மாகாண அரசு அலுவலகத்தில் 20 டொலருக்கு எடுக்கும் பாவித்த வாகனத் தகவல் பொதியை உங்களுக்குத் தந்தே ஆகவேண்டும், கடன் ஏதும் நிற்கிறதா என்று அதில் தெரியும். வண்டி ஓடத் தகுதியானது என்று கராஜ் தரும் சேஃப்ரி சான்றிதழை நம்பி நிம்மதியடைய வேண்டாம், அது 36 நாளுக்குள் பெயர் மாற்றத்தான் உதவும். கான்-ஆம் டீலரிடம் கொண்டுபோய்க் கொம்பியூட்டரில் பூட்டிப் பார்க்கக் கொஞ்சம் காசு கேட்பார்கள், கொடுங்கள். குறைபாட்டுக்காகக் கொம்பனி வண்டிகளைத் திருப்பி அழைத்த மீளழைப்பு (recall) வேலை ஏதும் செய்யாமல் விட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

லைசென்ஸ் எம்1 என்ற மோட்டார்சைக்கிள் எழுத்துப் பரீட்சையில் தொடங்கும், புத்தகத்தை வாசியுங்கள். காப்புறுதி விலையை வாங்க முதலே கேளுங்கள், இங்கே அது சுடும். சேர்ந்து ஓட ஆட்கள் தானாகக் கிடைப்பார்கள், ஆனால் கலியாண வீட்டுப் படத்துக்கு மட்டும் வண்டி வைத்திருக்கும் கூட்டத்தோடு போகாதீர்கள். பார்க்கப் போகும் நாளில் எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். போய் இறங்கியதும் எஞ்சினில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்புங்கள்.