அப்பாவும் இல்லை, வேலையும் இல்லை: இனி எதைப் பிடித்துக்கொண்டு எழுவது?

ஒரு வாசகர் அனுப்பிய கேள்வியின் சாரம் இது: வயது 27. கோவையில் பார்த்த ஐ.டி. வேலை போய்விட்டது. அப்பா இறந்து ஐந்து மாதம். கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை, அம்மா, கொஞ்சம் கடன். "கஷ்டம்தான் மனுஷனைச் செதுக்கும் என்கிறார்கள். என்னைச் செதுக்கின மாதிரி தெரியவில்லை. வாழ்க்கைக்கு ஒரு குறிக்கோளை எப்படிக் கண்டுபிடிப்பது?"

அந்தச் செதுக்கல் பேச்சை முதலில் ஓரங்கட்டிவிடலாம். ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கல்ஹூன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், பெரிய இழப்புக்குப் பிறகு சிலரிடம் தெரியும் வளர்ச்சியை ஆராய்ந்து 1996-ல் 21 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். மனிதர்களோடு நெருக்கம், புது வழிகள், தன் பலம் தெரிதல், ஆன்மிக மாற்றம், வாழ்க்கையின் அருமை தெரிதல் என்று ஐந்து தலைப்பு. மேடைப் பேச்சாளர்கள் இதைத்தான் "அடிபட்டால் வளர்வாய்" என்று சுருக்கிவிட்டார்கள். ஆராய்ந்தவர்கள் சொன்னது வேறு. அடி எதையும் வளர்ப்பதில்லை. நடந்ததைப் பிறகு மெதுவாக, தெரிந்தே யோசித்துப் பார்ப்பதில்தான் ஏதாவது கிடைக்கும், கிடைத்தாலும் வலி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். கல்லூரி மாணவர்களைப் பெரிய அதிர்ச்சிக்கு முன்னும் பின்னும் அளந்த 2009 ஆய்வு ஒன்றில், "நான் வளர்ந்துவிட்டேன்" என்று அவர்கள் சொன்னதற்கும் உண்மையில் மாறியதற்கும் பெரிய தொடர்பே தெரியவில்லை. ஆகவே ஐந்து மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாம் தெளிந்துவிட்டது என்று நீங்கள் சொல்லியிருந்தால்தான் சந்தேகம் வரும்.

குறிக்கோளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதல் வேலை காகிதம்.

இது மனசைப் பற்றிய கேள்வி ஆயிற்றே என்று தோன்றலாம். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு விழிக்க வைப்பது பெரும்பாலும் தொகை தெரியாத கடனும் முடிக்காத ஆபீஸ் வேலையும்தான். இறப்புச் சான்றைப் பல பிரதிகளாக வாங்கி வையுங்கள். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) விசாரணைக்குப் பிறகு தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். அது கைக்கு வந்தபின் பட்டா மாறுதல். கூட்டுறவு தேயிலைத் தொழிற்சாலையில் மெம்பர் எண் அப்பா பெயரில் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இலைக் காசு அவர் கணக்குக்கே போய்க்கொண்டிருந்து, கணக்கு முடங்கினால் பறித்த இலைக்கும் பணம் வராது.

அப்பாவின் பாஸ்புக்கில் கடைசி இரண்டு வருடத்து மே, ஜூன் பக்கங்களைத் திருப்பிப் பாருங்கள். 436 ரூபாய் கழிந்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம், ஆனால் 55 வயது வரைதான் காப்பு. 20 ரூபாய் கழிந்திருந்தால் அது சுரக்ஷா பீமா, விபத்துக்கு மட்டும். பேங்கில் யாரும் தானாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள், நாமினியான அம்மாவை அழைத்துக்கொண்டு போய் நீங்கள்தான் கேட்க வேண்டும். உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை வீட்டில் இருக்கிறதா என்றும் தேடி, வி.ஏ.ஓ.விடம் விசாரியுங்கள்.

கடனுக்கு ஒரு தாள். யாரிடம், அசல், வட்டி, தேதி, என்ன அடமானம். நகைக்கடன் இருந்தால் அதை மேலே எழுதுங்கள், தவணை தாண்டினால் ஏலத்துக்குப் போவது அதுதான். "உங்கப்பா கைமாத்தா வாங்கினார்" என்று யாராவது வந்தால் காகிதத்தைக் கேளுங்கள். அப்பாவின் கடனில் வாரிசின் பொறுப்பு அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான், நீங்களே ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தால் தவிர. சங்கடப்பட்டுக்கொண்டு புதிதாக ப்ரோநோட்டில் கையெழுத்து போடுவதுதான் இந்த நேரத்தில் அதிகம் நடக்கும் தப்பு.

அடுத்தது உடம்பு. எப்போது தூங்கினாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள், தூக்கம் இரண்டு மூன்று வாரத்தில் அதற்கேற்ப நகரும். குளிருக்கும் துக்கத்துக்கும் சேர்த்து டாஸ்மாக் போகும் பழக்கம் மலையில் புதிதில்லை. சரக்கு சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பியும் விட்டுவிடும். அதிகாலை நாலரைக்கு எழுந்து வாக்கிங் போகச் சொல்லும் ஆலோசனை சமவெளிக்காரர்கள் எழுதியது. கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்குள் காட்டெருமையும் கரடியும் நிற்கும் நேரம் அது. நன்றாக வெளிச்சம் வந்தபின், பனிமூட்டம் விலகியபின் நடங்கள்.

துக்கத்தையும் மனச்சோர்வு நோயையும் பிரித்துப் பார்க்க ஓர் எளிய கணக்கு உண்டு. துக்கம் அலையாக வரும், நடுவில் சிரிப்பு வரும், அம்மா வைத்த குழம்பு ருசிக்கும். இரண்டு வாரத்துக்கு மேல், கிட்டத்தட்ட எல்லா நாளும் எதிலுமே நாட்டமில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டது, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் ஓடுகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி-மானஸ்) எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே கூப்பிடுங்கள், கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நிலம் உள்ள வீட்டில் கட்டாயம் செய்ய வேண்டியது: பூச்சிமருந்து டப்பாக்களை வீட்டில் வைக்காதீர்கள். பங்காளி வீட்டிலோ பூட்டிய கொட்டகையிலோ இருக்கட்டும், சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். கெட்ட எண்ணம் பெரும்பாலும் சில நிமிடமோ சில மணி நேரமோ உச்சத்தில் நின்று இறங்கிவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இதெல்லாம் ஓரளவு நிலைக்கு வந்தபின் ஒரு நோட்டு. முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். மணிக்கு மணி என்ன செய்தீர்கள், அப்போது மனசு பத்துக்கு எத்தனை, அவ்வளவுதான். "மதியம் 2, போன் பார்த்தேன், 2. மாலை 5, பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு பென்ஷன் ஆப்பைச் சரிசெய்து கொடுத்தேன், 6." இரண்டாம் வாரத்திலிருந்து நாளுக்கு மூன்று சின்ன வேலைகள்: உடம்புக்கு ஒன்று, கட்டாயக் கடமை ஒன்று, இன்னொரு மனிதரோடு ஒன்று. ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம். நேரமும் இடமும் சேர்த்து எழுதுங்கள். "தோட்டத்தைப் பார்க்க வேண்டும்" என்று எழுதினால் நடக்காது. "பத்து மணிக்கு டீ குடித்ததும் மேல் வரிசையில் களை" என்றால் நடக்கும். மூடு வரட்டும் என்று காத்திருப்பதுதான் இதில் பெரிய ஓட்டை. வேலை முன்னால் போகும், மூடு பின்னால் வரும். 1996-ல் உளவியலாளர் நீல் ஜேக்கப்சன் குழு மனச்சோர்வு சிகிச்சையின் பாகங்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சோதித்தபோது, இப்படிச் செயல்களை மட்டும் திட்டமிட்டவர்களும் முழு சிகிச்சை பெற்றவர்களுக்கு இணையாகவே தேறினார்கள். அடைமழை வாரங்களுக்கு வீட்டுக்குள் செய்யும் பட்டியல் தனியாக இருக்கட்டும். கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது, அட்டவணை அறுந்துபோவதும் அப்போதுதான்.

கடமை வேலையாக உங்களிடம் தேயிலை இருப்பது அதிர்ஷ்டம். ஐந்து மாதம் யாரும் சரியாகப் பார்க்காத செடி இடுப்புக்கு மேல் ஏறியிருக்கும், பறிக்கும் மட்டம் கெட்டு பாஞ்சி இலை (துளிர்விடாமல் வளர்ச்சி நின்றுபோன இலை) கூடியிருக்கும், தொழிற்சாலையில் விலை குறைப்பார்கள். கவாத்து எடுக்க, அதாவது செடியை மட்டமாக வெட்டிவிட வேண்டி வரலாம். (இதை உவமையாகச் சொல்லவில்லை. "வெட்டினால்தான் துளிர்க்கும்" என்ற வாழ்க்கைத் தத்துவத்தை உங்களுக்கு ஏற்கெனவே நாலு பேர் வாட்ஸப்பில் அனுப்பியிருப்பார்கள்.)

எல்லாச் செடியையும் ஒரே வருடத்தில் வெட்டாதீர்கள். வெட்டிய பகுதியில் மறுபடி இலை பறிக்க இரண்டரை, மூன்று மாதம் ஆகும், அதுவரை அங்கே வரும்படி இல்லை. நிலத்தை நாலாகப் பிரித்து வருடத்துக்கு ஒரு பகுதி. ஏப்ரல், மே அல்லது ஆகஸ்ட், செப்டம்பர் சரியான காலம், உறைபனியிலும் கடும் வறட்சியிலும் கூடாது. வெட்டும் முன் வேரில் மாவுச்சத்து இருக்கிறதா என்று பாருங்கள். பென்சில் தடிமன் வேரை நறுக்கி அயோடின் கரைசலில் நனைத்தால் கருநீலமாக மாற வேண்டும். நிறம் மாறாவிட்டால் சில வாரம் பறிக்காமல் செடிக்கு ஓய்வு. அப்படியே வெட்டினால் மறுபடி துளிர்க்காமல் செடி காய்ந்துபோகும். லேசான கவாத்து தரையிலிருந்து 60 முதல் 65 செ.மீ. உயரத்தில். கத்தி கூர்மையாக இருக்கட்டும், சாய்வாக ஒரே வெட்டு, பட்டை கிழியக் கூடாது. தடித்த வெட்டுகளில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு பசை தடவுங்கள். வெட்டிய கிளைகளை விறகுக்கு அள்ளாமல் செடி மேலே பரப்பினால் வெயிலில் தண்டு வெந்து போகாது. புதுத் துளிரில் பனிமூட்டக் காலத்தில் கொப்புளநோய் வரும், அதைக் கவனியுங்கள். மண்ணின் பி.எச். 4.5 முதல் 5.5-க்குள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள குன்னூரில் உபாசி என்ற தோட்ட உரிமையாளர் சங்கத்தின் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

நாளுக்கு முப்பது செடி போதும். முடிந்த வரிசை கண்ணுக்குத் தெரியும், நோட்டில் அந்த மணி நேரத்துக்கு என்ன எண் விழுகிறது என்று பாருங்கள். அப்பாவின் கத்தியைக் கையில் எடுக்கும்போது அழுகை வந்தால் வரட்டும்.

நடந்ததை யோசிக்க ஒரு முறை இருக்கிறது. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் மாணவர்களை வைத்துச் சோதித்தது. தொடர்ந்து நாலு நாள், நாளுக்கு பதினைந்து நிமிடம், மனசை அழுத்தும் விஷயத்தை நடந்ததும் உணர்ந்ததும் சேர்த்து எழுத வேண்டும். எழுத்துப் பிழை, அழகு எதுவும் பொருட்டில்லை, யாருக்கும் காட்ட வேண்டாம், கிழித்தும் போடலாம். படுக்கப் போகும் முன் எழுதாதீர்கள். எழுதி முடித்ததும் கொஞ்ச நேரம் கனமாக இருக்கும், அது சகஜம். நாலு நாளும் ஒரே புலம்பல் அச்சுப்பிசகாமல் வந்தால் மூன்றாம் நாளிலிருந்து "இதில் எது என் கையில் இருந்தது, எது இல்லை" என்று மாற்றி எழுதுங்கள். எழுத எழுத மோசமானால் நிறுத்திவிட்டு ஆளிடம் பேசுங்கள். பேச விருப்பமில்லாதவரை உட்கார வைத்து "எல்லாத்தையும் கொட்டிடு" என்று தோண்டுவது உதவாது, சிலருக்குக் கெடுதல்கூட. சொந்தக்காரர்கள் அப்படித் தோண்டினால் எழுந்து டீ போடப் போங்கள்.

இப்போது குறிக்கோள். எட்டு வாரம் கழித்து நோட்டைத் திறந்து மூன்று மாதிரியான மணிகளுக்குக் கோடு போடுங்கள்: நேரம் போனதே தெரியாதது, மறுபடி யாராவது உங்களைத் தேடி வந்தது, "இன்னும் நன்றாகச் செய்யலாமே" என்று உங்களுக்கே தோன்றியது. மூன்றும் ஒரே வேலையில் சேர்ந்தால் அதைப் பிடியுங்கள். அது தேயிலையாக இருக்கலாம், ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பதாக இருக்கலாம், சிறு விவசாயிகளின் ஆன்லைன் விண்ணப்பங்களைச் செய்து கொடுப்பதாக இருக்கலாம். கோவைக்கே திரும்பி வேலை தேடுவதாகவும் இருக்கலாம், அதில் தோல்வி எதுவும் இல்லை. நிலத்தை விட்டுப் போனால் அப்பாவுக்குத் துரோகம் என்று யாராவது சொன்னால், அவர் உங்களை எதற்காகப் படிக்க வைத்தார் என்று கேளுங்கள்.

பிடித்ததை மூன்று மாதம் சோதியுங்கள். தொடங்கும் முன்னே மூன்றை எழுதிவிடுங்கள்: அதிகபட்சம் போடும் பணம், முடியும் தேதி, எது நடந்தால் தொடர்வேன் என்பது. நகையை வைத்துச் சோதிக்காதீர்கள். தேதி வரும்போது அரைகுறையாக இருந்தால் ஒரே ஒரு முறை நீட்டிக்கலாம், இரண்டாம் முறை கூடாது.

கல்யாண வீட்டிலும் கருமாதியிலும் "தம்பி, அடுத்து என்ன ஐடியா?" என்று கேட்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். முழுத் திட்டத்தையும் ஒப்பிக்க வேண்டாம். "ஆகஸ்ட்ல மேல்தோட்டம் கவாத்து, அதுவரைக்கும் இங்கதான் மாமா" என்றால் போதும். அடுத்த கேள்வி அநேகமாக ஆள் கூலி எவ்வளவு என்பதாக இருக்கும்.