கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் ஒரே நாளில் அருவி, காட்டுப்பூ, ஏரி மூன்றையும் பார்க்க எங்கே நடக்கலாம்?

பெங்களூருவிலிருந்து காலையில் கிளம்பி ராத்திரிக்குள் திரும்ப வேண்டும், ஒரே நடையில் மூன்றும் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். நேராகவே சொல்லிவிடுகிறேன், ஒரே நடையில் மூன்றும் அமையாது. எங்கள் பக்கம் ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் வருகிற வழி வேறு, காலம் வேறு. எந்த மாதம் வருவீர்கள் என்று முதலில் முடிவு பண்ணுங்கள், இடம் தானாக முடிவாகிவிடும்.

ஒகேனக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே விழுகிற தண்ணீருக்கும் தர்மபுரியில் பெய்கிற மழைக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பிடித்து, கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பித் திறந்துவிட்டால் இங்கே வெள்ளம். ஆடி மாதம் பென்னாகரத்து மானாவாரிக் காடெல்லாம் மழைக்கு ஏங்கிக்கொண்டிருக்கும், பத்திருபது மைல் தள்ளி காவிரி பாறையே தெரியாமல் ஓடும். அப்போது பரிசலும் விடமாட்டார்கள், குளிக்கவும் விடமாட்டார்கள். அதனால் கிளம்புமுன், காவிரித் தண்ணீரை அளக்கிற எல்லை இடமான பிலிகுண்டுலுவில் விநாடிக்கு எத்தனை கன அடி வருகிறது என்று செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள். பரிசல், எண்ணெய் மசாஜ், மீன் வறுவல் எல்லாம் அருமைதான். ஆனால் நடக்கிற ஆளுக்கு அங்கே வேலை கம்மி.

நடக்கத்தான் வேண்டும் என்றால் என் ஓட்டு ராயக்கோட்டைக்கு. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை வாருங்கள். ஊர் ஓசூர் வழியாகப் போகிற சேலம் - பெங்களூரு ரயில் பாதையிலேயே இருக்கிறது. ஊரை ஒட்டினாற்போல மலை, மேலே கோட்டை. 1791-ல் மூன்றாம் மைசூர் போரில் திப்புவின் ஆட்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கோட்டை. முதலில் படி, அப்புறம் பாறை. நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். மழை பெய்த மறுநாள் பாறையில் பாசி வழுக்கும், செருப்பு போட்டுக்கொண்டு ஏறாதீர்கள்.

பூ பார்க்கிறவர்கள் உச்சிக்கு ஓடாமல் பாதையோர முள்ளுப்புதர்களில் கண்ணை வையுங்கள். செங்காந்தள் அங்கேதான் ஏறியிருக்கும். அதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது, இலையின் நுனியே சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். ஒரே கொடியில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பூ, பாதி சிவந்து ஒன்று, முழுக்கச் சிவந்து தீக்கொழுந்து மாதிரி ஒன்று என்று நிற்கும். மூன்றும் ஒரே பூ வகைதான், வயசு மட்டும் வேறு. இதன் கிழங்கைத்தான் கண்வலிக்கிழங்கு என்பது. கடுமையான விஷம், குழந்தைகள் தோண்டி விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புல்லுக்குள் குனிந்து பார்த்தால் சட்டைப் பொத்தான் அளவுக்கு நீலத்தில் விஷ்ணுகிராந்தி இருக்கும். வெயில் ஏறினால் வாடிவிடும், அதனால் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். ஆவாரையையும் தும்பையையும் தேட வேண்டியதே இல்லை. மேலே போனால் சுனைத் தண்ணீரும் இடிந்த கட்டடங்களும். கீழே தக்காளிக் காடுகள், மழை ஏமாற்றாத வருஷமென்றால் இடையிடையே ஏரிகள் மின்னும்.

ஒரு விஷயம். இதே மாதங்களில்தான் ராகி கதிர் முற்றும். பன்னேர்கட்டா பக்கத்து யானைகள் ஜவளகிரி வழியாகக் கூட்டமாக இறங்கி வந்து, தேன்கனிக்கோட்டைப் பக்கமும் ராயக்கோட்டைக்குப் பக்கத்து ஊடேதுர்க்கம் காட்டிலும் தங்கிக்கொண்டு, ராத்திரி ராகிக் கொல்லையில் புகும். எங்கள் ஆட்கள் பரண் கட்டிக் காவல் இருப்பார்கள். ஆகவே ஏறுவதற்கு முன் டீக்கடையில் "யானை எந்தப் பக்கம் இருக்குது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், சரியாகச் சொல்லிவிடுவார்கள். அஞ்செட்டி, உரிகம் பக்கத்துக் காட்டுக்குள் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு தனியாக நுழையவே வேண்டாம். வன உயிரினச் சரணாலயம் அது, அனுமதியில்லாமல் போனால் குற்றம். வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் இணையத்திலேயே முன்பதிவு செய்து, உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். காடுதான் வேண்டும் என்பவர்களுக்கு அதுதான் வழி.

ஏரிதான் முக்கியம் என்றால் கிருஷ்ணகிரி ஊருக்குள்ளேயே இருக்கிற கோட்டை மலை போதும். தெளிவான நாளில் தென்மேற்கே கே.ஆர்.பி. அணையின், அதாவது கிருஷ்ணகிரி அணையின், தேக்கம் விரிந்து கிடக்கும். 1957-ல் திறந்த அணை, முழு நீர்மட்டம் 52 அடி. 50 அடியைத் தாண்டிய பிறகு வந்தால் பார்க்க வேண்டும்! வைகாசியில் வந்தால் சேறுதான். மலையில் நிழல் கிடையாது, எட்டு மணிக்குள் மேலே இருங்கள்.

வயசானவர்களைக் கூட்டி வருகிறீர்கள், கோடையில்தான் லீவு என்றால் அரூர் பக்கம் தீர்த்தமலை. படிகள் உண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். மேலே பாறையிலிருந்து ராமர் தீர்த்தம் மெல்லிசாகத் தலையில் விழும், மழை பொய்த்த வருஷத்திலும் நின்றதில்லை என்பார்கள். குற்றாலத்தை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், அது அந்த அளவு இல்லை. தென்பெண்ணைக் கரையில் அனுமன்தீர்த்தத்தில் குளித்துவிட்டு மலை ஏறுவது இங்கே முறை. ஆடிப்பெருக்கன்று மட்டும் போகாதீர்கள், கால் வைக்க இடம் இருக்காது. குரங்குகள் பையைப் பிடுங்கும், தேங்காய் பழத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஏற வேண்டாம்.