தொடை எலும்பில் கம்பி பொருத்திய பின்னும் தொடை இடுக்கில் வலி

இடுப்பு மூட்டை மறுபடி படமெடுத்துப் பார்க்கும் வரை உங்கள் தம்பி கம்பி பொருத்திய அந்தக் காலை ஊன்ற வேண்டாம். பைக் விபத்தில் முறிந்த தொடை எலும்பின் தண்டில் (நீண்ட நடுப்பகுதியில்) கம்பி பொருத்தி ஆறு வாரங்களாகியும், நிற்கும்போது தொடை இடுக்கில் வலிக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், அதைத் தசைவலி என்று ஒதுக்குவதற்கு முன், அதே எலும்பின் கழுத்தில் (இடுப்பு மூட்டை ஒட்டிய குறுகிய பகுதியில்) இன்னொரு முறிவு இல்லை என்பதை உறுதிசெய்தாக வேண்டும்.

வேகமான மோதலில் விசை முழங்காலிலிருந்து மேலேறித் தண்டோடு கழுத்தையும் முறிக்கக்கூடும். இது அரிதுதான், ஆனால் கழுத்திலுள்ள கீறல் பெரும்பாலும் துண்டுகள் இடம் விலகாமல், ஏறக்குறைய செங்குத்தாக இருப்பதால் முதல் எக்ஸ்ரேயில் எளிதில் தப்பிவிடுகிறது.

1. காலை 15 டிகிரி அளவு உள்நோக்கித் திருப்பி இடுப்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.
2. அதில் தெளிவில்லையெனில், மெல்லிய வெட்டுகளாக சி.டி. ஸ்கேன் எடுத்து, விபத்தன்று எடுத்த படங்களோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

முறிவு இருந்தால் கழுத்துக்கே முன்னுரிமை; அது விலகினால் எலும்பின் தலைக்கு (மூட்டுக்குள் இருக்கும் பந்து போன்ற முனைக்கு) செல்லும் இரத்த ஓட்டம் கெடலாம். விலகாத முறிவில், இருக்கும் கம்பியைச் சுற்றியே திருகாணிகளைச் செலுத்த முடிவதுண்டு. விலகியிருந்தால், கழுத்தைத் தனியாக நேராக்கித் திருகாணிகளாலோ தகட்டாலோ பொருத்திவிட்டு, தண்டுக்கு முழங்கால் வழியாக வேறு கம்பி செலுத்துவதே பாதுகாப்பானது என்பது என் கருத்து. தலை வரை திருகாணி செல்லும் ஒரே கம்பியால் இரண்டையும் பிடிப்பவர்களும் உண்டு.

படங்களைப் பார்க்காமல் எழுதுகிறேன். உள்ளேயிருக்கும் உலோகம் ஸ்கேனை மங்கலாக்கக்கூடும் என்பதால், ‘முறிவு இல்லை’ என்று அறிக்கை வந்தாலும் வலி நீடித்தால் எலும்பு அறுவை மருத்துவர் ஒருவரே படங்களை நேரில் பார்க்க வேண்டும்.