மேடையில் சொல்லாமல் விட்டதற்கு வழக்குப் போட முடியுமா?

கேள்வி: 14 மாதங்களுக்கு முன் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கினேன். தொலைபேசி அழைப்பை அப்போதைக்கப்போது மொழிபெயர்த்துச் சொல்லும் வசதி "ஆறு மாதங்களுக்குள் இலவச அப்டேட் மூலம் வரும்" என்று நிறுவனத்தின் இணையதளத்தில் அப்போது போட்டிருந்தது. இன்றுவரை வரவில்லை. கடந்த மாதம் நடந்த வருடாந்திர மாநாட்டில் கட்டாயம் அறிவிப்பார்கள் என்று காத்திருந்தேன். அதைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தைகூட இல்லை. பெரிய திரையில் கணினிபோலப் பயன்படுத்தும் வசதியும் வரும் என்று தொழில்நுட்பச் சேனல்கள் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தன. அதையும் காணோம். பாதுகாப்பு அப்டேட் வந்தே ஏழு மாதம் ஆகிறது. பெட்டியில் "நான்கு ஆண்டுகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை" என்றிருக்கிறது. கடைக்காரர் நிறுவனத்தைக் கேளுங்கள் என்கிறார். நிறுவனமோ "வசதிகள் மாறுதலுக்கு உட்பட்டவை" என்று ஒரே வரியில் பதில் போடுகிறது. முழுப் பணத்தையும் திரும்பப் பெற வழி உண்டா?

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று குறைகள் கலந்து கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே மனுவில் மூன்றையும் சேர்த்துக் குமுறினால், எதிர்தரப்பு வழக்கறிஞர் வலுவற்றதைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் சேர்த்து ஆட்டிவிடுவார்.

வலுவற்றது கணினிபோலப் பயன்படுத்தும் வசதி. நிறுவனம் அதைத் தருவதாக எங்கும் சொல்லவில்லை. சேனல்கள் சொன்னது அவர்களுடைய ஊகம். அதற்கு நிறுவனம் பொறுப்பாகாது. எத்தனை சேனல்கள் ஒரே குரலில் சொல்லியிருந்தாலும் கணக்கு மாறாது. நிறுவனமே பணம் கொடுத்து அந்த வீடியோவை வெளியிட வைத்திருந்தால் மட்டும் அது விளம்பரமாகி, கதை வேறாகும். "பணம் பெற்ற விளம்பரம்" என்ற குறிப்பு வீடியோவில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இதை மனுவில் எழுதவே வேண்டாம்.

மாநாட்டு மேடையில் பேசாமல் விட்டதும் தனியாக ஒரு குற்றமாகாது. எதைப் பற்றிப் பேசுவது என்பது அவர்கள் விருப்பம். அதைவிட முக்கியமாக, நீங்கள் போனை வாங்கி ஓராண்டு கழித்து நடந்த மாநாடு அது. வாங்கும் முடிவைத் தூண்டிய பேச்சு எது என்றுதான் சட்டம் கேட்கும். வாங்கிய பிறகு பேசியதும் பேசாமல் விட்டதும் அந்த முடிவைத் தூண்டியிருக்க முடியாது. மேடை மௌனத்துக்கு ஒரே ஒரு பயன் உண்டு: வாக்குக் கொடுத்த வசதி கெடு தாண்டியும் வரவில்லை, எப்போது வரும் என்று சொல்லவும் தயாராக இல்லை என்பதற்கு அது துணைச் சான்று. மாநாட்டு வீடியோவின் இணைப்பையும் தேதியையும் குறித்து வையுங்கள், போதும்.

ஆப்பிள் வழக்கைப் பார்த்தால் இது விளங்கும். 2024 ஜூன் மாநாட்டில் தன் குரல் உதவியாளரான சிரியின் புதிய திறன்களை ஆப்பிள் காட்டியது. செப்டம்பரில் ஐபோன் 16 விற்பனைக்கு வந்தபோது அவற்றை விளம்பரங்களில் முன்னிறுத்தியது. 2025 மார்ச்சில் அவை தாமதமாகும் என்று அறிவித்தது. அதே மாதமே அமெரிக்காவின் சான் ஹோசே கூட்டாட்சி நீதிமன்றத்தில் கூட்டு வழக்கு தாக்கலாயிற்று. அடுத்த மாநாடு நடக்கவே இன்னும் மூன்று மாதம் இருந்தது. ஆக, வழக்கு மேடையில் விடுபட்டதைப் பற்றியதல்ல. விளம்பரத்தில் சொல்லி, அதை நம்ப வைத்து விற்றதைப் பற்றியது.

உங்கள் மொழிபெயர்ப்பு வசதி அந்த வகையில் வருகிறது. சொன்னது நிறுவனம், சொன்ன இடம் பொருளின் விற்பனைப் பக்கம், நேரம் வாங்குவதற்கு முன், கெடு ஆறு மாதம், விலை இலவசம். "உலகின் மிகச் சிறந்த போன்" என்பது வெறும் புகழ்ச்சி, எந்த நீதிமன்றமும் கண்டுகொள்ளாது. "விரைவில்" என்பது இடைப்பட்டது. "ஆறு மாதங்களுக்குள்" என்று எண் போட்டுச் சொன்னதை அப்படித் தள்ளிவிட முடியாது. 1892-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான கார்லில் வழக்கில், மருந்து பலிக்காவிட்டால் 100 பவுண்டு தருவோம் என்று விளம்பரம் செய்த நிறுவனம், அது சும்மா விளம்பரம்தான் என்று வாதாடித் தோற்றது. தொகையும் நிபந்தனையும் தெளிவாக இருந்தன. 1,000 பவுண்டை வங்கியில் போட்டு வைத்திருக்கிறோம் என்றும் அதே விளம்பரம் சொன்னது. எண்ணும் தேதியும் போட்டுப் பேசுகிறவர் விளையாட்டாகப் பேசினேன் என்று பின்னால் சொல்ல முடியாது.

"வசதிகள் மாறுதலுக்கு உட்பட்டவை" என்ற பொடி எழுத்து எல்லாவற்றையும் துடைத்துவிடாது. இந்தியாவில் 2022-இல் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிகளின்படி, பொறுப்புத் துறப்பு வாசகம் முக்கியக் கூற்றை விளக்கலாமே தவிர அதற்கு முரணாக இருக்கக் கூடாது. அமெரிக்காவில் விளம்பரத் துறையின் சுய கண்காணிப்பு அமைப்பான தேசிய விளம்பரப் பிரிவு, 2025 ஏப்ரலில் ஆப்பிளின் "இப்போதே கிடைக்கிறது" என்ற வாசகத்தை மாற்ற அல்லது நீக்கப் பரிந்துரைத்தபோது, அடிக்குறிப்பில் சொன்னது போதாது என்றது. சில நிறுவனங்கள், சொன்னது நடக்காமலும் போகலாம் என்று எச்சரிக்கும் "எதிர்காலம் குறித்த கூற்றுகள்" என்ற அறிவிப்பை மேடை நிகழ்ச்சியின் தொடக்கத்திலோ முடிவிலோ காட்டுகின்றன. அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குக் கிடைக்கும் பாதுகாப்பு பங்கு முதலீட்டாளர்கள் தொடரும் வழக்குகளுக்கானது. போன் வாங்கியவரிடம் அதை நீட்டிப் பயனில்லை.

ஆனால் உங்கள் கையிலிருக்கும் ஆகப் பெரிய ஆயுதம், நீங்கள் போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்ட பாதுகாப்பு அப்டேட்தான். மொழிபெயர்ப்பு வராதது ஏமாற்றம். பாதுகாப்பு அப்டேட் நின்றது குறைபாடு. ஏழு மாதத்தில் குறைந்தது இரண்டு வந்திருக்க வேண்டும், பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். கருத்தோ ஊகமோ இதில் இல்லை, எண்ணிப் பார்த்தால் முடிந்தது.

எந்த நாட்டில் வாங்கினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பொறுத்துச் சட்டம் மாறும்.

ஐரோப்பிய ஒன்றிய நாடென்றால் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பொருள் விற்பனை நெறிமுறை (2019/771) உங்களுக்குத் துணை. பொருளைச் சரியான நிலையில் வைத்திருக்கத் தேவையான அப்டேட்களையும், பாதுகாப்பு அப்டேட்களையும், நுகர்வோர் நியாயமாக எதிர்பார்க்கும் காலம்வரை கிடைக்கச் செய்வது விற்பவரின் பொறுப்பு. தயாரிப்பாளர் விளம்பரத்தில் சொன்னதற்கும் விற்பவரே முதலில் பதில் சொல்ல வேண்டும். எனவே "நிறுவனத்தைக் கேளுங்கள்" என்ற கடைக்காரரின் பதில் அங்கே செல்லாது. ஒன்றைக் கவனியுங்கள்: ஒப்பந்தத்தில் சொல்லாத புதிய வசதிகளைத் தரும் கடமையை இந்த நெறிமுறை சுமத்தவில்லை.

பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் பொருளைத் திருப்பித் தரும் உரிமை உங்களுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. முதலில் சரிசெய்யக் கேட்க வேண்டும். முடியாவிட்டால் விலைக் குறைப்பு, அல்லது பயன்படுத்திய காலத்துக்குக் கழித்துக்கொண்டு மீதிப் பணம். 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் கருவிகளுக்குக் குறைந்தபட்சப் பாதுகாப்பு அப்டேட் காலத்தைத் தயாரிப்பாளர் வெளியிட்டே ஆக வேண்டும். வெளியிட்ட பிறகு குறைக்க முடியாது. கிரெடிட் கார்டில் வாங்கியிருந்து, விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் இருந்தால், கார்டு கொடுத்த வங்கியிடமே கோரலாம்.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். தவறாக வழிநடத்தும் விளம்பரம் 2(28), முறையற்ற வணிக நடைமுறை 2(47) ஆகிய பிரிவுகளையும், பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பொருள் குறைபாடு, சேவைக் குறைபாடு இரண்டையும் காட்டலாம். கடைக்காரர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்தரப்பினராகச் சேருங்கள். ஒருவரை விட்டால், இருக்கிறவர் இல்லாதவரைக் கைகாட்டித் தப்பப் பார்ப்பார். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பல புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டாலும், பேசிப் பார்த்தோம் என்பதற்கு அது ஆவணம்.

இப்போது ஆதாரம். இந்த வகை வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன. விற்பனைப் பக்கத்தை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். உங்கள் விஷயத்தில் அந்த வரி ஏற்கெனவே மறைந்திருக்கவும் கூடும். இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, நீங்கள் வாங்கிய தேதிக்கு முந்தைய, அதற்கு மிக அருகிலுள்ள பதிவைத் தேடுங்கள். தேதியும் முகவரியும் தெரியும்படி முழுப் பக்கத்தையும் பிடிஎஃப் ஆக எடுங்கள். வேண்டிய வரியை மட்டும் வெட்டி எடுத்த ஸ்கிரீன்ஷாட் சந்தேகத்தையே கிளப்பும். அடிக்குறிப்பும் அதில் வர வேண்டும். உங்களுக்குப் பாதகமாக இருந்தாலும் வரட்டும். எதிர்தரப்பு எப்படியும் காட்டத்தான் போகிறது.

போனில் அமைப்புகளுக்குள் "போனைப் பற்றி" பகுதிக்குப் போய் மாடல் குறியீடு, பில்டு எண் (மென்பொருள் பதிப்பின் எண்), பாதுகாப்புப் பேட்ச் (கடைசிப் பாதுகாப்பு அப்டேட்) தேதி மூன்றும் தெரியும்படி படம் எடுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் பேட்ச் தேதி, ஆண்ட்ராய்டு பதிப்பைத் தட்டினால் உள்ளே இருக்கும். "அப்டேட் இருக்கிறதா" என்று தேடிப் பார்த்து "புதிதாக எதுவும் இல்லை" என்று வரும் திரையையும், வாரம் ஒருமுறை, நான்கு வாரம் எடுத்து வையுங்கள். மாடல் குறியீடு ஏன் முக்கியம்? ஒரே பெயரில் விற்கும் போனுக்கு நாட்டுக்கு நாடு குறியீடும் மென்பொருளும் வேறுபடும். வேறு நாட்டுக்கான போனை வாங்கியிருந்தால், அப்டேட் வராததற்கு அதுவே காரணம் என்று நிறுவனம் சொல்லும். இந்தப் படங்களையும் பிடிஎஃப்களையும் இந்தியாவில் தாக்கல் செய்யும்போது, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 2023-இன் 63-ஆம் பிரிவின்படியான மின்னணு ஆவணச் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள்.

சில தவறுகளைச் செய்யாதீர்கள். காத்திருந்து அலுத்து, பூட்லோடரை (போனைத் தொடக்கும் பூட்டிய நிரலை) திறந்து வேறு மென்பொருளைப் போட்டால், பழி முழுவதும் உங்கள் மேல் வந்துவிடும். போனை விற்றாலும் வழக்கு பலவீனமாகும். "நல்லெண்ணமாக" ஒரு கூப்பன் தருகிறோம் என்று நிறுவனம் சொன்னால், "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற வாசகம் அதில் ஒளிந்திருக்கிறதா என்று படித்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

அடுத்தது நோட்டீஸ். கடைக்காரருக்கும் நிறுவனத்துக்கும் ஒரே நாளில், பெற்றதற்கான ஒப்புதல் கிடைக்கும் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே எழுதலாம். ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். நடுப்பகுதி இப்படி இருக்கட்டும்: "இந்த மாடலை இந்தத் தேதியில், இந்த பில் எண்ணின் கீழ் வாங்கினேன். பெட்டியில் நான்கு ஆண்டுகளுக்குக் காலாண்டுதோறும் பாதுகாப்பு அப்டேட் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். கடைசியாக வந்தது இந்தத் தேதியில். உங்கள் இணையதளத்தில் மொழிபெயர்ப்பு வசதி ஆறு மாதங்களுக்குள் வரும் என்று அறிவித்திருந்தீர்கள். அதை நம்பியே இந்த மாடலைத் தேர்ந்தெடுத்தேன். கெடு முடிந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. 15 நாட்களுக்குள் பாதுகாப்பு அப்டேட்டை வழங்கி, மொழிபெயர்ப்பு வசதி வரும் தேதியை எழுத்தில் தெரிவியுங்கள். இயலாவிட்டால் இன்ன தொகையைத் திருப்பித் தாருங்கள்." "நம்பியே தேர்ந்தெடுத்தேன்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். வாங்குவதற்கு முன் நண்பருக்கோ கடைக்காரருக்கோ அந்த வசதியைப் பற்றி நீங்கள் அனுப்பிய செய்தி ஏதாவது இருந்தால், அந்த வரிக்கு அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

இன்ன தொகை என்றால் எவ்வளவு? முழுப் பணம் கேட்பது பேரத்துக்கு உதவலாம், ஆனால் 14 மாதம் ஓடிய போனுக்கு அது கிடைப்பது அரிது. அதே நிறுவனத்தின், அந்த வசதி இல்லாத, அடுத்தபடியாக விலை குறைந்த மாடலுக்கும் உங்கள் மாடலுக்கும் நீங்கள் வாங்கிய நாளில் இருந்த விலை வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். அதில் ஒரு பகுதியையாவது இந்த வசதியின் மதிப்பாகக் காட்டலாம். அதோடு செலவும் மன உளைச்சலுக்கான தொகையும் சேரும். "அப்டேட்டை வெளியிடக் கட்டளையிடுங்கள்" என்பதை மட்டும் கோரிக்கையாக வைக்காதீர்கள். நெதர்லாந்தில் நுகர்வோர் சங்கம் ஒன்று சாம்சங்குக்கு எதிராக 2016-இல் அப்படித்தான் வழக்குத் தொடுத்தது. வருங்காலத்தில் செய்ய வேண்டியவை பற்றிய கோரிக்கைகளை ஏற்க முடியாது என்று 2018 மே மாதம் ஹேக் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணமாக ஒரு மாற்றுக் கோரிக்கை எப்போதும் கூடவே இருக்கட்டும்.

இந்தியாவில் காலவரம்பு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். ஆறு மாதக் கெடு முடிந்த நாளிலிருந்து எண்ணினால் உங்களுக்கு இன்னும் 16 மாதம் இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்று எதிர்தரப்பு வாதிட்டால் பத்தே மாதம்தான். அந்தப் பத்து மாதத்தையே உங்கள் கணக்காக வைத்துக்கொண்டு, அடுத்த மாநாட்டுக்குக் காத்திராமல் நோட்டீஸை இந்த வாரமே அனுப்புங்கள்.