கூந்தல் ஓரத்தில் பச்சை அடிக்கிறதா?

வணக்கம். சிங்கப்பூரில் உங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில், பின்னணியைப் பிறகு மென்பொருளில் மாற்றிக்கொள்ளப் பச்சைத் துணி கட்டி எம்ஆர்டி ரயில் காட்சி எடுத்ததாகவும், நடிகையின் கூந்தல் ஓரமெல்லாம் பச்சை அடிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். மென்பொருளை மாற்றிப் பெரிய பயன் இருக்காது. அவர் துணியை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். துணியில் பட்ட வெளிச்சம் முடியில் தெறிக்கிறது. இரண்டு மீட்டராவது முன்னால் தள்ளி, துணிக்குத் தனி விளக்கு போடுங்கள்.

அவ்வளவு இடம் இல்லையென்றால் துணியையே கழற்றிவிடுங்கள். ஜூரோங் ஈஸ்ட் பக்கம் மேலே ஓடும் ரயிலிலிருந்து சன்னல் காட்சியைத் தனியே எடுத்து, பெரிய டிவியில் ஓடவிட்டு அதன் முன்னால் நடிக்க வையுங்கள். 1930களிலேயே ஹாலிவுட்டில் கார் காட்சிகளுக்குத் திரையின் பின்னாலிருந்து படம் வீழ்த்தி இப்படித்தான் எடுத்தார்கள். 2019இல் வந்த ‘தி மாண்டலோரியன்’ தொடரில் நடிகர்களுக்குப் பின்னால் காட்சி ஓடிய எல்இடி திரைச் சுவரும் அந்த யோசனையின் வழிவந்ததே. எனக்கு இந்த முறைதான் உயர்வு: கன்னத்தில் விழும் வெளிச்சமும் மூக்குத்தியில் மின்னும் விளக்கும் படம்பிடிக்கும்போதே வந்துவிடும். பச்சைத் துணியில் எடுத்தால் அதைப் பிறகு உருவாக்குவது பெரும்பாடு.

டிவியைக் கொஞ்சம் அவுட் ஆஃப் ஃபோக்கஸில் வையுங்கள், இல்லாவிட்டால் புள்ளி புள்ளியாகத் தெரியும். கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியில் வையுங்கள், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வீட்டு விளக்கு சிமிட்டாது. டிவியில் கோடு ஓடினால் 1/60 போட்டுப் பாருங்கள்.