ஹரிக்கேனும் ஏப்ரல் வெக்கையும்

அண்ணா,

1/72 அளவில் ஒட்டிச் செய்யும் ஹரிக்கேன் போர்விமான மாடல் பாதியில் நிற்கிறது. கொக்பிட் முடிந்து, உடலும் இறக்கையும் ஒட்டி, புட்டி போட்டுத் தேய்த்தது வரை ஒரு பிரச்சினையும் இல்லை, பெயின்ற் அடிக்கத் தொடங்கியதும்தான் தலையிடி. மேல்மாடி அறை, ஏசி கிடையாது. தமியா கம்பெனியின் அக்ரிலிக் பெயின்ற் சொரசொரப்பாக வருகிறது, விரலால் தடவினால் தூள் கொட்டுகிறது. லக்கர் வார்னிஷ் அடித்துப் பார்த்த துண்டு வெள்ளை பூத்துவிட்டது. மழை தொடங்கும் வரை எடுத்து வைக்கலாமா?

க., வெள்ளவத்தை

அன்புத் தம்பி,

எடுத்து வைக்காதீர்கள். மழை வந்தால் தூள் கொஞ்சம் குறையும், வெள்ளை இன்னும் கூடும். தூள் வெக்கையால் வருவது, வெள்ளை ஈரப்பதத்தால் வருவது. கொழும்பில் இரண்டும் தாராளமாகக் கிடைப்பதால் ஒரே வியாதி மாதிரித் தெரிகிறது, அவ்வளவுதான்.

பெயின்றைக் காற்றோடு விசிறும் எயார்பிரஷிலிருந்து கிளம்பும் துளி இறக்கையைத் தொடுமுன் காற்றிலேயே காய்ந்துவிடுகிறது, அந்தப் பொடிதான் போய் ஒட்டுகிறது. தின்னரைக் கூட்டுங்கள், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரில், அக்ரிலிக்குக்கானதில், சில துளி சேருங்கள், காற்றழுத்தத்தை 15 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து, கையை நன்றாகக் கிட்டக் கொண்டுபோங்கள். பெயின்ற் விழுந்ததும் ஒரு கணம் ஈரமாக மினுங்கி, பிறகுதான் மங்க வேண்டும். மினுங்கவே இல்லையென்றால் உடனே நிறுத்திவிடுங்கள். எயார்பிரஷ் ஊசி நுனியில் காய்ந்து சேருவதைத் தின்னர் நனைத்த பஞ்சுக்குச்சியால் இடைக்கிடை துடையுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, வெய்யில் ஏறுமுன் விடியக்காலையில் அடிப்பது நல்லது. ஏற்கெனவே சொரசொரத்ததை உரிக்க வேண்டியதில்லை, 2000 நம்பர் தாளை நனைத்து மெல்லத் தேய்த்துவிட்டு மேலே அடிக்கலாம். மங்கல் பெயின்ற்தானே, கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால் என்ன என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை: 0.1 மில்லிமீற்றர் துகள், நிஜ விமானத்தின் அளவில் பார்த்தால் 7 மில்லிமீற்றருக்கு மேல். அப்படியொரு இறக்கையோடு எந்த விமானி ஏறுவான்?

வார்னிஷுக்கு நேரம் நேர்மாறு. லக்கர் தின்னர் சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது. விடியக்காலைக் காற்று ஈரம் கூடியது, அதனால் நல்ல வெய்யில் நாளில் பதினொரு மணிபோல அடியுங்கள், ஜன்னலைத் திறந்து, மாஸ்க் போட்டுக்கொண்டு. பின்னேரம் இடி முழங்கும் அறிகுறி இருந்தால் போத்தலைத் திறக்கவே வேண்டாம். பூத்த துண்டை எறியாதீர்கள், லக்கர் ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் மெல்லிசாக அடித்தால் படலம் இளகி வெள்ளை பெரும்பாலும் போய்விடும்.

எந்த ஸ்குவாட்ரன், அதாவது எந்த விமானப் பிரிவின் ஹரிக்கேன் என்று எழுதவில்லையே? 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது பிரித்தானிய விமானப்படையின் 30ஆம் ஸ்குவாட்ரன் ஹரிக்கேன்கள் இரத்மலானையிலிருந்தும் 258ஆம் ஸ்குவாட்ரனுடையவை றேஸ்கோர்ஸிலிருந்தும் எழும்பின, இப்போது கடைகள் இருக்கும் அதே றேஸ்கோர்ஸ்தான். நானென்றால் 258ஐச் செய்வேன். அவையும் இதே வெய்யிலில் நின்றவை, ஆகவே மேல்பக்கப் பச்சையையும் மண் நிறத்தையும் கொஞ்சம் வெளிறச் செய்தால் பொருத்தமாக இருக்கும்.

அப்புறம், பச்சைக்காக ஒட்டிய மாஸ்கிங் டேப் இன்னும் இறக்கையில் இருந்தால் இன்றிரவே உரித்துவிடுங்கள். இந்த வெக்கையில் நாளைக்கு விட்டால் பசை அங்கேயே தங்கிவிடும்.