அறிவியல், தொழில்நுட்பச் செய்திகளில் உங்களுக்கு முக்கியமாகப் படுவது எது?

நான் விஞ்ஞானம் படித்தவன் இல்லை. காலையில் பேப்பர், இரவில் போனில் கொஞ்சம் என்று வாசிக்கிற ஆள். என்னைக் கேட்டால், கடந்த பத்து வருடத்தில் வந்த விஞ்ஞானச் செய்திகளில் பெரியது, நுளம்புக்குள் ஒரு பற்றீரியாவைச் செலுத்தி டெங்குவைக் குறைக்கும் அந்த நுளம்புச் செய்திதான்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு 2017 மறக்காது. அந்த ஒரு வருடத்தில் இலங்கை முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் ஒரு பையன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்போதெல்லாம் எல்லோருடைய கண்ணும் பிளேட்லெட் எண்ணிக்கையைத்தான் தேடும். வாட்ஸ்அப்பில் பப்பாசி இலைச் சாறு பற்றி ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் சொன்னதோ நீராகாரத்தை அளந்து கொடுங்கள், பனடோல் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம் என்று. நல்லவேளை, பையன் சுகமாகி வந்துவிட்டான்.

அப்புறம்தான் வொல்பேக்கியா பற்றித் தேடித்தேடி வாசித்தேன். பலவகைப் பூச்சிகளின் உடம்பில் இயற்கையாகவே இருக்கும் ஒரு பற்றீரியா அது. அதை டெங்கு பரப்பும் ஏடிஸ் நுளம்புக்குள் செலுத்திவிட்டால் டெங்கு வைரஸ் அங்கே பெருகுவது குறைந்துவிடுகிறது. தாய் நுளம்பிடம் இருந்தால் முட்டைகளுக்கும் போய்விடும். ஆண் நுளம்பிடம் அது இருக்கிறது, பெண்ணிடம் இல்லை என்றால் அந்த முட்டைகள் பொரிக்காது. அதனால் இப்படிப்பட்ட நுளம்புகளைச் சில மாதம் வெளியே விட்டாலே அந்த நுளம்பு வகை தானாக ஊரைப் பிடித்துக்கொள்கிறது.

என்னை நம்பவைத்தது இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா. நகரத்தை 24 பகுதிகளாகப் பிரித்து, சீட்டுப் போட்டதுபோல் 12 பகுதிகளில் மட்டும் இந்த நுளம்புகளை விட்டார்கள். 2021 இல் முடிவு வெளியானது: மற்றப் பகுதிகளை விட அந்தப் பகுதிகளில் டெங்கு 77 வீதம் குறைவு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவந்தவர்கள் 86 வீதம் குறைவு. ஆய்வுகூடத்து எலியில் பார்த்த முடிவு இல்லை இது, மனிதர்கள் வாழும் தெருக்களில் பார்த்தது. புதுப் போன், செயற்கை நுண்ணறிவு பற்றியெல்லாம் தினமும் எழுதுகிறார்களே, அவற்றில் எத்தனைக்கு இப்படி ஒரு பரீட்சை நடந்திருக்கிறது?

சந்திரயான் 3 இறங்கிய அன்று, 2023 ஆகஸ்ட் 23, நானும் நேரலையில் பார்த்துக் கைதட்டினேன். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்றதும் சந்தோஷம் இரட்டிப்பானது. அது வேறு வகைச் சந்தோஷம். நுளம்புச் செய்தி எங்கள் வீட்டுக் கூரைப் பீலிவரைக்கும் வருகிறது.

2020 இல் கொழும்பிலும் நுகேகொடையிலும் சில பகுதிகளில் இந்த நுளம்புகளை விடத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டு அன்ரி, “இருக்கிற நுளம்பு காணாதெண்டு புதுசா வேற கொண்டுவந்து விடுறாங்களாமே தம்பி?” என்று பயந்து கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளில் வரவேண்டும்: எந்தெந்த வட்டாரத்தில் விட்டார்கள், அங்கே இப்போது எத்தனை வீத நுளம்புகளில் வொல்பேக்கியா இருக்கிறது, பக்கத்து வட்டாரத்தை விட நோயாளர் குறைந்தார்களா. முதல் பக்கத்தில் போட்டாலும் நான் வரி விடாமல் வாசிப்பேன்.